ஃபிளாட்டில் வளரும் சிப்பிப்பாறைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது

வேளச்சேரியில் மூன்றாவது மாடி, பத்து மாத ஆண் சிப்பிப்பாறை நாய், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் சோபாவும் செருப்பும் மிஞ்சுவதில்லை, வாராவாரம் ஈசிஆர் கடற்கரை, ஏலகிரி என்று கூட்டிப்போய் நன்றாக ஓடவிட்டால் அடங்குவானா, கூடவே நானும் அவனோடு ஓடி எடையைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடங்க மாட்டான். ஆறு நாள் பூட்டிய வீட்டில் கிடந்துவிட்டு ஏழாவது நாள் மூன்று மணி நேரம் வெயிலில் ஓடினால் காலில் அடிபடும், இல்லையென்றால் சூடு ஏறிப் படுத்துவிடும். திங்கட்கிழமை காலை மறுபடி சோபாதான். ஆனால் தினசரி நடை ஒழுங்கானால், நீங்கள் சொன்ன பயணம் எல்லாமே சாத்தியம். உங்கள் எடை விஷயமும் அதிலேயே வந்துவிடும். அதனால் முதலில் தினசரி நடையைப் பற்றிச் சொல்கிறேன், பயணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம்: சாத்தூர் பக்கம் பிறந்து வளர்ந்தவன், வீட்டில் சிப்பிப்பாறையோ கன்னி நாயோ ஒன்று எப்போதும் இருக்கும். சென்னைக்கு வந்த பிறகு மாடி வீட்டிலேயே மூன்று வளர்த்திருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் மருந்து அளவு எதையும் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

சிப்பிப்பாறை என்றால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இது கரிசல் காட்டில் முயலைப் பார்த்ததும் அம்பு மாதிரி பாய்ந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வருவதற்காக உருவான நாய். (இன்று முயல் வேட்டை வனஉயிரினச் சட்டப்படி குற்றம், அதைத் தெரிந்தே சொல்கிறேன்.) ஊரில் பார்த்தீர்கள் என்றால் பகல் பூராவும் திண்ணை நிழலில் சுருண்டு கிடக்கும். அப்படிப்பட்ட நாய் உங்கள் வீட்டில் சோபாவைக் கிழிக்கிறது என்றால் ஓட்டம் பற்றவில்லை என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அதற்குச் செய்வதற்கு எதுவுமே இல்லை. ஊரில் படுத்துக்கிடக்கும்போதுகூடத் தெருவில் போகிற ஆட்டையும் சைக்கிளையும் ஆளையும் பார்த்துக்கொண்டிருக்கும், காற்றில் வருகிற வாசனையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் அதற்கு என்ன இருக்கிறது சொல்லுங்கள். அதுவும் பத்து மாதம் என்பது மனிதர்களில் பதின்பருவம் மாதிரி, எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது.

அதனால் காலை நடையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் இருபது நிமிடம் அவனுடையது. கயிறு தளர்வாக இருக்கட்டும், எந்தக் கம்பத்தில் எவ்வளவு நேரம் மோப்பம் பிடித்தாலும் இழுக்காதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெறுமனே நிற்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் இருபது நிமிட மோப்பம் ஒரு நாயை எவ்வளவு களைக்கவைத்துவிடுகிறது என்பதை ஒரு வாரம் செய்து பார்த்தால் நீங்களே உணர்வீர்கள். அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடம் உங்களுடையது. கயிற்றைக் கொஞ்சம் குறுக்கிப் பிடித்து, நிற்காமல், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. தினம் 25 நிமிடம் வேகநடை என்றால் ஆறே நாளில் அது முடிந்துவிடுகிறது. நாயோடு தினமும் நடக்கிறேன், எடையே குறையவில்லை என்று சொல்கிறவர்களைக் கவனித்தால் ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை நின்று நின்றுதான் போவார்கள். அது நாய்க்கு நல்லது, நமக்கு அது உடற்பயிற்சி ஆகாது. இரண்டையும் கலக்காதீர்கள். சாயங்காலம் இன்னொரு அரை மணி நேரம், அது முழுக்க அவனுக்கே.

பத்து மணி நேரம் தனியாக இருக்கிறான் என்றால் மதியம் ஒருவர் வந்து பதினைந்து நிமிடம் கீழே கூட்டிப்போவதற்கு ஏற்பாடு செய்யுங்கள், அதற்குச் செலவழிக்கிற பணம் வீண் இல்லை. காலைச் சாப்பாட்டில் ஒரு பங்கைக் கிண்ணத்தில் வைக்காமல், வேகவைத்த கோழித் துண்டுகளாகவோ உலர் தீனியாகவோ ஒரு பழைய துண்டில் பரப்பிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அதை அவிழ்த்துத் தின்ன அரை மணி நேரம் ஆகும். முதல் சில தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள், துணியையே விழுங்குகிற பழக்கம் இருந்தால் இது வேண்டாம். எலும்பு கொடுக்கிறீர்கள் என்றால் வேகவைத்த எலும்பை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும். சாம்பாரில் ஊறிய சாதம் கொடுப்பவர்கள் நிறைய, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள். தயிர் சாதம் பரவாயில்லை.

ஓடுவது பற்றி. இப்போது வேண்டாம். எலும்பு வளர்ச்சி முடிய இன்னும் ஆறேழு மாதமாவது ஆகும், அதற்குள் தார் ரோட்டில் தொடர்ந்து ஓடவைத்தால் மூட்டு கெடும். ஒன்றரை வயதுக்கு மேல், மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்னபின் ஆரம்பியுங்கள். அப்போதும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றித்தான். பத்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓடும் உடல்வாகு இந்த இனத்துக்கு இல்லை. சாப்பிட்டவுடன் ஓட்டமோ குதியாட்டமோ கூடாது, இந்த மாதிரி ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். நடந்து வந்து, மூச்சு அடங்கிய பிறகு சாப்பாடு போடுங்கள்.

காலர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சிப்பிப்பாறைக்குத் தலை சிறியது, கழுத்து அகலம். சாதாரண காலரில் பின்னால் ஒரு இழுப்பு இழுத்தால் தலை வழியாக உருவிக்கொண்டு போய்விடும். எங்கள் தெருவிலேயே இப்படி ஒரு நாய் பூனையைப் பார்த்துப் பாய்ந்து, வெறும் காலர் உரிமையாளர் கையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகுகிற மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள், அல்லது வயிற்றுக்கும் சேர்த்து மூன்று பட்டை வைத்த ஹார்னெஸ். சுருண்டு நீளுகிற கயிறு வேண்டாம். கூப்பிட்டால் வருகிறானே என்று நம்பித் திறந்த இடத்தில் அவிழ்த்தும் விடாதீர்கள். கண்ணில் ஒன்று ஓடுவது பட்டுவிட்டால் அந்த நொடியில் அவனுக்கு உங்கள் குரல் கேட்காது. நான்கு பக்கமும் சுவரோ வேலியோ இருக்கிற இடத்தில் மட்டும்தான் கயிறு கழற்றலாம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கம்தான், காலையில் அந்தப் பக்கம் போக ஆசையாக இருக்கும், ஆனால் அது 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்ட பறவைகளின் இடம், கயிற்றோடுகூட உள்ளே இறங்க வேண்டாம்.

தெருநாய்கள். சென்னையில் நாயோடு நடப்பதை நிறையப் பேர் நிறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான், நீங்களும் இன்னும் சொல்லவில்லையே தவிர இது உங்களுக்கும் இருக்கும். நான் கற்றுக்கொண்டது இவ்வளவு: தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போங்கள். தெருநாய்க்கு அந்தத் தெரு அதன் வீடு, புதிதாக ஒருவர் தினம் வெவ்வேறு நேரத்தில் வந்தால்தான் அது பதறும். இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் இருவரின் வாசனையும் பழகிப் பெரும்பாலானவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்தத் தெருவில் அவற்றுக்குச் சோறு வைக்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரோடு பழகுங்கள், எது சாது, எது குட்டி போட்டிருக்கிறது, எது கயிற்று நாயைக் கண்டால் பாயும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எதிரே கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், அவனைத் தூக்காதீர்கள், தூக்கினால் அவை உங்கள் மேல் ஏறும். அவனை உங்களுக்குப் பின்னால் தள்ளி, நீங்கள் நடுவில் நின்று, கண்ணை முறைக்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். ஒரு குடை கையில் இருந்தால் நல்லது, அடிக்க வேண்டியதில்லை, பட்டென்று விரித்தாலே நின்றுவிடும். கல் எறியாதீர்கள். ஒருநாள் எறிந்தால் அடுத்த முப்பது நாளும் உங்களைக் கண்டாலே குரைக்கும், நான் ஊரில் சிறுவனாக இருந்தபோது செய்த தவறு இது.

அப்படியும் உங்களைக் கடித்துவிட்டால், கீறலே ஆனாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். உங்கள் நாய்க்கு வருடாந்தரத் தடுப்பூசி போட்ட அட்டையைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள், மாநகராட்சி உரிமம் வாங்கவும் அது வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அபார்ட்மென்ட்காரர்கள் லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொன்னால் சண்டைக்குப் போகாமல், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக் காட்டுங்கள். செல்லப்பிராணி வளர்க்கவோ லிஃப்டில் கொண்டுபோகவோ சங்கம் தடை போட முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதே நேரம் அவன் போகிற மலத்தை நீங்கள் அள்ளியே ஆக வேண்டும். பழைய செய்தித்தாள் போதும். அள்ளுகிறவரிடம் அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் சண்டைக்கு வருவதில்லை.

இனி வெயில். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நான் இதில் ஒரு நாயைக் கிட்டத்தட்ட இழந்திருக்கிறேன். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் சூடு இறங்கும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கும் சென்னை மாதிரி ஊரில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும், அதனால் 33 டிகிரிதானே என்று இங்கே நினைக்கக்கூடாது. ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு, ஈசிஆரில் ஒரு கடற்கரை, காலை எட்டரை மணி. கடல் காற்று வீசுகிறது, நமக்கு இதமாகத்தான் இருந்தது. செவலை என்கிற என் இரண்டாவது நாய், நண்டைத் துரத்தித் துரத்தி ஓடினாள், சந்தோஷமாக இருக்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். திடீரென்று பின்னங்கால் தள்ளாடியது, வாயில் நுரை, ஈறு செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. நல்லவேளை காரில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. நிழலில் படுக்கவைத்து வயிறு, தொடை இடுக்கு, கழுத்து என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன், மனைவி அட்டையால் விசிறினாள், மூச்சு கொஞ்சம் அடங்கியதும் ஏசியை முழுதாக வைத்து மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். முதலில் குளிர்வி, பிறகு கொண்டுவா, தண்ணீர் ஊற்றாமல் நேராகக் கிளம்பியிருந்தால் வழியிலேயே போயிருக்கும் என்றார் அந்த மருத்துவர். நாய்க்குச் சாதாரண உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும், 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். தண்ணீர் ஓடவேண்டும், காற்று பட வேண்டும்.

அதனால் மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் வீட்டுக்குள் இருங்கள், மாலையில் ஆறரைக்கு முன் இறங்காதீர்கள். புறங்கையை ரோட்டில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் அது சூடுதான். மாலை ஏழு மணிக்குக்கூடத் தார் சூடாக இருக்கும் நாட்கள் உண்டு, அன்றைக்கு மொட்டைமாடியிலோ மண் தரையிலோ பந்து விளையாடினால் போதும். ஒருநாள் நடை விட்டுப்போனால் எதுவும் ஆகாது.

உண்ணி இன்னொரு பெரிய விஷயம். சென்னையில் நான் வளர்த்த முதல் நாயை உண்ணிக் காய்ச்சலில் பறிகொடுத்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, வெயில் காலம்தானே என்று விட்டேன். மூன்றாவது நாள் மூக்கில் ரத்தம். அப்போது ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டிருந்தன. எர்லிக்கியா, பேபேசியா என்று இரண்டு கிருமிகளைத்தான் இங்கே உண்ணிகள் அதிகம் பரப்புகின்றன, ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தில் குணமாகும், மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். எனவே ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் கவனியுங்கள், இரண்டாவது வேளையும் தொடவில்லை, உடம்பு சுடுகிறது, ஈறு வெளிறியிருக்கிறது என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இப்போது மாதத்துக்கு ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற உண்ணித் தடுப்பு மாத்திரைகள் வந்துவிட்டன, எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார், வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் அவசரம் வந்தால் எங்கே போவது என்பதையும் இன்றைக்கே விசாரித்து வையுங்கள், நோய் வந்த அன்று தேடக்கூடாது. வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, 1903-ல் தொடங்கிய கல்லூரி அது, நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு.

மழைக்காலத்தில் வேளச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், நாயிலிருந்து நமக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டியது, அக்டோபருக்குள் போட்டுவிடுங்கள்.

சரி, பயணம். இதெல்லாம் ஒரு இரண்டு மாதம் பழகிய பிறகு கிளம்புங்கள். கடற்கரைக்கு விடிவதற்கு முன் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோய் அரை மணிக்கு ஒருமுறை கொடுங்கள், இல்லையென்றால் கடல்நீரைக் குடித்துவிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடப்பான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள், நாய் தோண்டினால் ஒரு கூட்டில் இருக்கிற நூற்றுக்கு மேற்பட்ட முட்டையும் போச்சு. அந்த மாதங்களில் கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள்.

மலை என்றால் ஏலகிரி நல்ல தொடக்கம்தான், 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருப்பார்கள். நமக்கு அது ரசனை, அவனுக்கு ஒவ்வொரு வளைவிலும் வாந்தி. கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், அதற்கு முந்தைய வாரங்களிலேயே காரில் பத்து நிமிடம், அரை மணி என்று பழக்குங்கள். பின் சீட்டில் ஹார்னெஸை சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள், ஜன்னலில் தலையை நீட்ட விடாதீர்கள். டீ குடிக்க ஐந்து நிமிடம் இறங்கும்போதும் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள், வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். ஒருவர் குடிக்க, ஒருவர் அவனோடு நிற்க வேண்டும்.

கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை என்றால் இரண்டு விஷயம். இந்த இனத்துக்கு மயிரும் கொழுப்பும் குறைவு, நமக்கு ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்போது அவனுக்கும் வேண்டும். இரண்டாவது, இரவில் வெளியே கட்டிப்போடவே கூடாது, வராந்தாவில்கூட. அந்த ஊர்களில் சிறுத்தை நாயைத் தேடித்தான் குடியிருப்புக்கு வருகிறது, ரிசார்ட்காரர் ஒன்றும் வராது சார் என்று சொன்னாலும் அறைக்குள்ளேயே படுக்க வையுங்கள். நாயை அனுமதிக்கிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டுப் போனபின் வெளியே கூண்டைக் காட்டுகிற விடுதிகள் உண்டு, எனக்கே நடந்திருக்கிறது, அதனால் அறைக்குள் அனுமதியா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா பக்கம் நாயோடு போகவே வேண்டாம், நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் மாதிரி நோய் செந்நாய்க்குப் போனால் ஒரு கூட்டமே அழியும்.

ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயோ நான்கு பேர் கேபினோ முழுதாக உங்களுக்கே கிடைத்தால்தான் கூட வைத்துக்கொள்ள முடியும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கிற கூண்டுதான். நம் வெயிலில் அந்தக் கூண்டுக்கு நான் என் நாயை அனுப்ப மாட்டேன்.

முதல் பயணம் ஏலகிரியாக இருக்க வேண்டாம். ஒரு மணி நேரத் தூரத்தில், தெரிந்தவர் தோட்டமோ வேலி போட்ட நிலமோ இருந்தால் ஒரு டிசம்பர் ஞாயிறு காலை போய், நீளக் கயிற்றில் மோப்பம் பிடிக்கவிட்டு, வேலிக்குள் இரண்டே இரண்டு முறை முழு வேகத்தில் ஓடவிட்டு, பத்து மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். அரளிச் செடி இருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள், இலையைக் கடித்தாலே இதயத்தைப் பாதிக்கும். வீட்டுக்கு வந்ததும் காதுமடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், நான்கு பாதத்திலும் விரல்களுக்கு நடுவே என்று விரலால் தடவி உண்ணி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நசுக்காமல் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அதற்குள் அவன் பாதி தூக்கத்தில் இருப்பான்.